வெற்று நிலமும் ஊர்க் குழுவும்

ஒரு நிலத்தில் மரமும் இல்லை, பயிரும் இல்லை, கட்டடமும் இல்லை என்றால் அதனை வெற்று நிலம் என்று சொல்லிவிடுவது நம் வழக்கமாக இருந்து வருகிறது. ஊருக்கு ஒரு கட்டடம் எழுப்ப இடம் வேண்டுமா, குப்பை கொட்ட இடம் வேண்டுமா, மரம் நடும் விழாவுக்குத் திடல் வேண்டுமா, எதற்கும் முதலில் அந்த நிலத்தையே நாடுகிறோம். அந்நிலத்தில் ஏற்கெனவே எவ்வுயிர்கள் குடியிருக்கின்றன, ஊரார் எவரெவர் அதனால் பிழைக்கின்றனர் என்ற கேள்வி எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்புவதும், பிறர் வந்து நிலத்தைக் கேட்பதற்கு முன்பாகவே அதற்கு எழுத்து மூலம் விடையளித்து வைப்பதும் ஊர்தோறும் அமைக்கப்பட்டுள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் முதற் கடமை என்பது எமது கருத்து. இக்கடமை நிறைவேறுவது பெரும்பாலும் கள ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பொறுத்தே இருக்கிறது.

தரிசு, புறம்போக்கு என்னும் சொற்கள் வருவாய்க் கணக்கில் வழங்குபவை. வரி விதிப்புக்கு உட்படாத நிலம் எதுவோ அதுவே புறம்போக்கு. ஆங்கில ஆட்சிக் காலத்தில் வருவாய் தராத நிலங்கள் யாவும் வீண் நிலம் என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டன. ஆட்சி மாறிய பின்னரும் அத்தலைப்பு மறையவில்லை. மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பின்படி, 2015-16-இல் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம், அதாவது சுமார் 5.58 கோடி ஹெக்டேர் நிலம், தரிசு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதன் வகைகளைப் பார்த்தால் புதர் நிலமும், சதுப்பும், மணற்பரப்பும், பனி மூடிய மலைப்பகுதியும்கூட அதில் அடங்கியிருப்பது தெரியும். சாகுபடிக்கு உதவாதது என்ற பொருளில் அக்கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் உயிர்கள் அற்றது என்ற பொருளில் அதனைப் படிப்போமாயின் பெரும் பிழை செய்தவராவோம்.

திறந்த வெளி என்பது காடு வளரத் தவறிய இடம் அன்று. அது தனக்கே உரிய அமைப்புடைய ஓர் இயற்கை வாழிடம். வறண்ட பிரதேசத்துப் புற்களிற் பெரும்பாலானவை முழு வெயிலில் செழிப்பவை. மர நிழல் அடர்ந்தால் அவை குன்றிவிடுகின்றன. ஆட்காட்டி, கல்கவுதாரி, வானம்பாடி முதலிய பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன. எதிரி வருவதைத் தொலைவிலிருந்தே காண முடிவதுதான் அவற்றின் பாதுகாப்பு. அங்கே மரங்கள் ஓங்கினால், முட்டையையும் குஞ்சையும் கவரும் காகங்களுக்கும் பருந்துகளுக்கும் அமர்ந்து நோக்கக் கிளைகள் கிடைத்துவிடுகின்றன. மானினத்தில் ஒன்றுக்கு நம் முன்னோர் வெளிமான் என்றே பெயரிட்டனர். கூரிய பார்வையாலும் ஓட்டத்தின் வேகத்தாலும் பிழைக்கும் அப்பிராணி வெட்ட வெளியில்தான் வாழ முடியும் என்ற உண்மை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

குஜராத் மாநிலத்து வேளாவதர் இதற்கு நல்ல சான்றாகும். 1976-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அது, சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய புல்வெளியே. அங்கே வெளிமான்கள் மந்தை மந்தையாக மேய்கின்றன. குளிர்காலத்தில் மத்திய ஆசியப் பக்கங்களிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் நூற்றுக் கணக்கில் மாலையில் அப்புல்வெளியில் இறங்கித் தரையிலேயே உறங்குகின்றன. பகலில் அவை சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளிகளைத் தின்று உழவருக்கும் உதவுகின்றன. இதற்கு மாறாக, பரந்த புல்வெளிகளையே நம்பியிருந்த கானமயில் இன்று நாடு முழுவதிலும் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. வேட்டை, மின்கம்பிகளில் மோதுதல் முதலிய காரணங்களோடு, அதன் வாழிடம் வெற்று நிலமாக எண்ணப்பட்டு வேறு உபயோகங்களுக்குச் சென்றதும் இந்நிலைக்குக் காரணமாகும்.

நல்லெண்ணமும் தீங்கு விளைக்கலாம் என்பதைக் கச்சு ஜில்லாவிலுள்ள பன்னி நமக்குக் கற்பிக்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்புல்வெளி, மால்தாரி என்னும் கால்நடை வளர்ப்போரின் வாழ்வுக்கு ஆதாரமாகும். ரண் பகுதியின் உவர் பரவாமல் தடுக்கும் நோக்கத்துடன் 1961-இல் அங்கே சீமைக் கருவேல் பயிரிடப்பட்டது. அன்றைய அறிவுக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றியது. ஆனால் அம்மரம் வேலிக்குள் நிற்கவில்லை. கால்நடைகள் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தின் வழியே எங்கும் பரப்பின. இன்று ஏறக்குறைய பாதிப் பரப்பை அதுவே பிடித்துக் கொண்டிருக்கிறது. புல் குறைந்தது, நெற்றைத் தின்ற பசுக்கள் நோயுற்றன, பலர் எருமை வளர்ப்பை நாடினர், சிலர் கரி சுடும் தொழிலுக்குச் சென்றனர். கருவேலை அகற்றிய இடங்களில் புல் மீண்டும் தழைப்பது கண்டறியப்பட்டிருக்கிறது என்பது ஆறுதலான செய்தியே. ஆயினும், எந்தப் புல் எந்த மழைக்குப் பின் எங்கே முளைக்கிறது என்று மேய்ப்பர் அறிந்திருந்தவை யாவும் 1961-இல் ஏட்டில் பதிவாகி, முடிவு செய்வோர் கையில் இருந்திருந்தால், இத்தனை இழப்பு நேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று எண்ணத் தோன்றுகிறது.

அத்தகைய அறிவைப் பதிவு செய்வதற்கு இன்று சட்டமே வழி செய்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 41-ஆம் பிரிவின்கீழ், ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்று விதிக்கிறது. இயற்கை வாழிடங்களைக் காத்தல் அக்குழுவின் பணிகளுள் ஒன்றென்று அப்பிரிவே கூறுகிறது. ஊரிலுள்ள தாவரங்கள், பிராணிகள், அவற்றைப் பற்றிய மக்களின் அறிவு ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது குழுவின் முக்கிய வேலை. இத்தகைய பதிவேடுகளை 1990-களில், சட்டம் வருவதற்கு முன்பே, மாதவ் காட்கில் முதலிய விஞ்ஞானிகள் கிராம மக்களுடன் சேர்ந்து எழுதத் தொடங்கினர். மக்கள் தம் அறிவைத் தாமே தொகுத்து வைத்திருக்க வேண்டும் என்பதே அம்முயற்சியின் உயிர்நாடி.

சட்டம் வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் பெரும்பாலான ஊர்களில் குழு அமையவில்லை. ஆகவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, 2020 ஜனவரி 31-க்குள் குழுக்களும் பதிவேடுகளும் முழுமை பெற வேண்டும் என்றும், தவறும் மாநிலங்கள் அதன்பின் மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் 2019-இல் உத்தரவிட்டது. அதன் பின் வேலை மிக வேகமாக நடந்தது. இன்று நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதே. ஆனால் கெடுவுக்கு அஞ்சி எழுதப்படும் பதிவேடு எப்படி இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அச்சடித்த படிவத்தில் வேம்பு, ஆல், அரசு, காகம், மைனா என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியலை நிரப்பிவிட்டால் படிவம் நிறைந்துவிடும். ஒரே வாரத்தில் எழுதிய பட்டியலில் மழைக்காலத்துப் புல்லும் இராது, குளிர்காலத்துப் பறவையும் இராது. திறந்த வெளிக்கு நேரே ‘தரிசு, குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை’ என்று எழுதப்படுமானால் அது மேலும் விபரீதம். பதிவேடே இல்லாத ஊரில், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கவாவது இடமுண்டு. இத்தகைய பதிவேடு உள்ள ஊரிலோ, ஒன்றுமில்லை என்று ஊர்க் குழுவே கையொப்பமிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

நன்றாக அறிந்து எழுதப்பட்டது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைக் கூறலாம். அதன் குன்றுகள், ஏரிகள், சுனைகள், அங்கே காணப்படும் சுமார் 250 வகைப் பறவைகள் ஆகியவை முன்னதாகவே பதிவு செய்யப்பட்டிருந்தன. அதனால் 2022-இல் அங்கே 193 ஹெக்டேர் பரப்பு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலம் விடப்பட்டபோது ஊரார் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. மரபுத் தலத்தின் முக்கியத்துவத்தை அதற்குக் காரணமாகக் குறிப்பிட்டது. மக்களின் உறுதி இல்லாமல் இது நடந்திராது. அவர்கள் கையில் ஆதாரம் இல்லாதிருந்தாலும் இது எளிதில் நடந்திராது.

சட்டத்தின் துணையின்றியே ஊர் தன் நிலத்தைக் காத்ததும் உண்டு. நாகாலாந்தின் கொனோமா கிராமத்தில் வேட்டை பழைய வழக்கம். டிராகோபன் என்னும் அரிய காட்டுக்கோழி இனம் பெருமளவில் வேட்டையாடப்பட்டதைக் கண்டு வருந்திய ஊரார், 1998-இல் சுமார் 20 சதுர கிலோமீட்டர் காட்டை அப்பறவையின் சரணாலயமாகத் தாமே அறிவித்து, வேட்டையையும் தடை செய்தனர். அது மலைக்காடு, நாம் பேசுவது வெட்ட வெளி. ஆயினும், தன் எல்லைக்குள் என்ன குறைந்து வருகிறது என்பதை உணர்ந்த ஊர் எவ்வளவு செய்ய முடியும் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

இதற்கு மறுப்புரைப்போரும் உள்ளனர். வீடில்லாதவருக்கு மனை வேண்டும். பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் இடம் வேண்டும். சூரிய மின்சாரத்துக்கும் பரந்த நிலம் வேண்டும். பறவைக்காக இவற்றை நிறுத்தலாமா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். குழு எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லும் சபையாக ஆகிவிடக் கூடாது. ஆனால் எந்த ஏக்கரில் உயிர்கள் செறிந்துள்ளன, எந்த ஏக்கர் ஏற்கெனவே சீர்கெட்டது என்று அறிந்தால்தானே தீங்கு குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்? மேலும், திறந்த வெளியை இழப்பதால் முதலில் துன்புறுவோர் சொந்த நிலமில்லாத ஆடு மேய்ப்பவர்களும், கீரையும் விறகும் மூலிகையும் சேகரிக்கும் பெண்களுமே. பாட்டியாலா ஜில்லாவில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்தவர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. பொது நிலத்தைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம்.

மரம் நடுவதையும் நாம் எதிர்க்கவில்லை. சாலையோரம், வீட்டு முற்றம், பள்ளி வளாகம், மரம் அழிந்துபோன காட்டுப்பகுதி ஆகியவை அதற்கு உரிய இடங்கள். இயல்பான புல்வெளியில் குழி தோண்டுவதற்கு முன் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இனிச் செய்ய வேண்டுவது என்ன? கள ஊழியர் முதலில் தம் பொறுப்பிலுள்ள ஊரின் பதிவேட்டை எடுத்து, திறந்த வெளியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு அந்நிலத்தின் குறுக்கே ஒரு பாதையைக் குறித்துக் கொண்டு, கோடை, மழை, பனி, அறுவடைக்குப் பிந்திய நாட்கள் எனப் பருவந்தோறும் ஒரு முறையேனும் காலை வேளையில் அதே பாதையில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு எழுதட்டும். உடன் வர வேண்டியவர்கள் மேய்ப்பர்களும் மூலிகை அறிந்த முதியவர்களும் ஆவர். அவர்கள் வழங்கும் பெயரை அப்படியே எழுத வேண்டும். விஞ்ஞானப் பெயரைப் பின்னர் அறிஞரைக் கேட்டுச் சேர்க்கலாம். காணாமற் போனவற்றையும், எந்த ஆண்டு முதல் காணவில்லை என்று முதியவர்கள் கூறுவதையும் எழுதுவது அவசியம். அரிய மூலிகை வளரும் இடத்தையும் பறவைகள் முட்டையிடும் இடத்தையும் மட்டும் வெளியார் அறியாதபடி குழு காத்துக் கொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இப்பணியில் தனிச் சிறப்பு உண்டு. அதிகாரிகள் மாற்றலாகிச் செல்வர். குழு உறுப்பினரும் மாறுவர். பள்ளி மட்டும் ஊரிலேயே நிலைத்திருக்கும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் அதே பாதையில் நடந்து எழுதும் குறிப்புகள் பத்து ஆண்டுகளில் எந்த ஆய்வாளரும் மதிக்கத்தக்க ஆவணமாகிவிடும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பென்சிலும், பொறுமையும் போதும். ஆட்காட்டியின் முட்டையை மிதித்துவிடாமல் நடக்கப் பழகிய சிறுவன், பிற்காலத்தில் ஊராட்சி மன்றத்தில் அமரும்போது, அந்நிலத்தை வெற்று நிலம் என்று எழுதிய தாளில் ஆராயாமல் கையொப்பமிட மாட்டான்.

குழு அமைந்துவிட்டது, பதிவேடும் பெயரளவில் இருக்கிறது. அதனை உண்மையான பதிவேடாக்கும் வேலையே எஞ்சியிருக்கிறது. அடுத்த மழை பெய்து புல் தலைகாட்டும் நாளே அதனைத் தொடங்குவதற்கு ஏற்ற நாள்.