ஒரு கோடு செய்த வேலை!

2009-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி. சனிக்கிழமை. இந்தியாவில் அப்போது இரவு 8 மணி.

உலகம் எங்கும் ஜனங்கள் கூகுளில் எதை எதையோ தேடிக்கொண்டு இருந்தார்கள். திடீர் என்று ஒரு விபரீதம்! எதைத் தேடினாலும், வந்து நின்ற ஒவ்வொரு தளத்தின் மேலும் ஓர் எச்சரிக்கை ஒட்டிக்கொண்டு வந்தது. "இந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கெடுதல் செய்யலாம்" என்றது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பத்திரிகை எதுவும் தப்பவில்லை.

என்ன நடந்தது?

கெட்ட தளங்களின் பட்டியல் ஒன்று கூகுளிடம் உண்டு. அதைப் புதுப்பித்தபோது, கைதவறி ஒரு சாய்கோடு (/) அதில் சேர்ந்துவிட்டது. அந்தப் பட்டியலில் தனியாக நிற்கும் சாய்கோட்டுக்கு "எல்லாம்" என்று பொருள். ஆகவே, உலகில் உள்ள எல்லாத் தளங்களும் கெட்ட தளங்கள் ஆகிவிட்டன! சுமார் 40 நிமிடம் இந்தக் கூத்து நடந்தது. "மனிதத் தவறுதான்" என்று கூகுளே ஒப்புக்கொண்டது.

கூகுளில் தவறு நடந்தால் திருத்த ஆள் இருக்கிறது. சின்னக் கடைக்காரரின் தளத்தில் அதே கோடு தப்பான இடத்தில் விழுந்தால்? கேட்க நாதி இல்லை. வருடக்கணக்கில் கிடக்கும்.

வாசலில் ஒரு நோட்டீசு

கூகுளில் ஒரு சொல்லைப் போட்டதும், அது அந்த நிமிடமே உலகத்தைச் சுற்றிவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூகுளிடம் ஒரு தானியங்கி இருக்கிறது. 'கூகுள்பாட்' என்று பெயர். கம்ப்யூட்டருக்குள் ஓடும் ரோபோ. அது முன்கூட்டியே தளம் தளமாகப் போய், பக்கம் பக்கமாகப் படித்து, கூகுளின் பேரேட்டில் பதிந்து வைக்கிறது. நாம் தேடும்போது கூகுள் புரட்டுவது அந்தப் பேரேட்டைத்தான். பேரேட்டில் இல்லாத கடை, தேடுகிறவருக்கு இல்லாத கடை.

இந்த ரோபோ மரியாதை தெரிந்தது. உள்ளே நுழையும் முன் வாசலில் நோட்டீசு இருக்கிறதா என்று பார்க்கும். 'ரோபோட்ஸ்' என்று பெயர் கொண்ட சின்னக் குறிப்புதான் அந்த நோட்டீசு. 1994-ல் மார்டைன் கோஸ்டர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் கொண்டுவந்த ஏற்பாடு இது. "வராதே" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டால், "எங்கும் வரலாம்" என்று பொருள். அதே சொல்லுக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டால், "எங்கும் வராதே" என்று பொருள். ஒரே ஒரு கோடு! ரோபோ திரும்பிப் போய்விடும்.

தட்டியை எடுக்கவில்லை

ஒரு ஜமக்காள வியாபாரி. மனைவியின் வளையலை அடகு வைத்து, கடைக்கு ஓர் இணையதளம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளம் அழகாக இருக்கிறது. படம் எல்லாம் பளபளக்கிறது. ஆனால் ஓர் ஆர்டரும் இல்லை.

"தம்பி, மூணு மாசம் ஆச்சு. கூகுள்ல போட்டா நம்ம கடை வரலையேப்பா?"

"வரும் அண்ணாச்சி. புதுத் தளம் இல்லையா? ஆறு மாசம் பொறுக்கணும்."

தம்பி சொல்வது முழுப் பொய் அல்ல. புதுத் தளம் மேலே வர நாள் பிடிக்கும். ஆனால் இங்கே சங்கதி வேறு.

கட்டட வேலை நடக்கும்போது கடையைத் தட்டி வைத்து மறைப்பார்கள். அதுபோல, தளம் கட்டும்போதும் தேடுவோர் கண்ணில் படாமல் மறைப்பது உண்டு. 'வேர்ட்பிரஸ்' என்ற சாதனத்தில் அதற்கு ஒரு கட்டமே இருக்கிறது. அதில் 'டிக்' அடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி எல்லாப் பக்கத்திலும் ஏறிக்கொள்ளும். "இதைப் பேரேட்டில் பதியாதே" என்று அந்த வரி ரோபோவிடம் சொல்லும். வேலை முடிந்ததும் டிக்கை எடுக்க வேண்டும். தம்பி மறந்துவிட்டார்! திறப்பு விழா நடந்தது. தட்டி அப்படியே நிற்கிறது.

மறதி யாருக்கும் வரும். அதைக் குற்றம் சொல்வதற்கு இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்கும்போது, வாசலைப் பார்க்காமலே "பொறுங்கள்" என்பது குற்றம்தான். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து சொல்வது போன்றது அது.

அண்ணாச்சி மீதும் தவறு உண்டு. கடைத் திறப்பு அன்று சீரியல் பல்பு எரிகிறதா என்று எண்ணிப் பார்த்தவர், இதைச் சோதித்தாரா? "நமக்கு என்ன தெரியும்" என்று இருந்துவிட்டார். ஆனால் சோதனை மிகச் சுலபம். பள்ளிக்கூடம் போகும் பெண்ணிடம் போனைக் கொடுத்தால் போதும். கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் கடைத் தளத்தின் முகவரியை அடிக்க வேண்டும். பதிந்த பக்கங்கள் வரிசையாக வரும். ஒரு மாதம் கழிந்தும் ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால், வாசலில் ஏதோ மறிக்கலாம். எது மறிக்கிறது என்பதை, கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 'சர்ச் கன்சோல்' சொல்லிவிடும்.

வீடு மாறினால்?

பத்து வருடம் ஓடிய தளத்தைப் பழசு என்று இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். பக்கங்களின் முகவரி எல்லாம் மாறிப்போகும். பழைய முகவரி காலண்டரில் இருக்கிறது, பில் புத்தகத்தில் இருக்கிறது, கூகுளின் பேரேட்டிலும் இருக்கிறது. அங்கே போகிறவருக்கு "404, அப்படி ஒரு பக்கம் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். பத்து வருடம் சேர்த்த பெயர் ஒரே இரவில் போய்விடும்.

வீடு மாறுகிறவர் தபால் ஆபீசில் எழுதிக் கொடுப்பது இல்லையா? இங்கேயும் அதற்கு வழி உண்டு. '301' என்பது அதன் எண். பழைய முகவரிக்கு வருகிறவரை, ரோபோவையும் சேர்த்து, புதிய முகவரிக்கு அழைத்துப்போய் விடும். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் பொருத்தமான புதிய பக்கத்தைக் குறிக்க வேண்டும். சலிப்பான வேலை. அதனால்தான் பலர் செய்வது இல்லை.

தமிழ்த் தளங்களுக்கு என்றே ஒரு பழைய வியாதி உண்டு. யூனிகோடு பரவும் முன், 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் அடித்தார்கள். பார்த்தால் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து! தமிழ் வேஷம் போட்டு நிற்கிறது. ரோபோ வேஷத்தைப் பார்க்காது. உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். "ஜமக்காளம்" என்று ஒருவர் தேடினால் அந்தப் பக்கம் எப்படி வரும்? யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். விலைப் பட்டியலை வெறும் படமாக ஒட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

போனில் தளம் எப்படித் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூகுள் இப்போது படிப்பது போனில் தெரியும் பக்கத்தைத்தான். இந்த மாற்றம் முடிந்துவிட்டது என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. கம்ப்யூட்டரில் இருந்து போனில் இல்லாத விவரம், கணக்கில் சேராது.

முதல் இடம் தருகிறாராம்!

அண்ணாச்சி சோர்ந்து உட்கார்ந்து இருக்கும் நேரம் பார்த்து ஒரு போன் வரும். "ஒரே மாதத்தில் கூகுளில் முதல் இடம்! கியாரண்டி!" என்பார் ஓர் ஆசாமி. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்து இருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், அது வேறு. தேடலில் தானாக வரும் இடம் விலைக்கு இல்லை.

குறுக்கு வழியில் போனால் பெரிய இடம் என்றும் பாராது. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் தளத்தையே கூகுள் பட்டியலில் இருந்து தூக்கியது. ரோபோவுக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு, சில நாளில் மீண்டும் சேர்த்தார்கள். பெரிய கம்பெனி தாங்கியது. வளையலை அடகு வைத்தவர் தாங்குவாரா?

அண்ணாச்சி அந்த ஆசாமிக்குக் கொடுக்கும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். முதலில் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகி இருக்கிறது? ரகசியச் சொல் யாரிடம் இருக்கிறது? சர்ச் கன்சோலில் கடைக்காரர் பெயர் இருக்கிறதா? மூன்றும் தம்பியிடமே இருந்தால், கடை யாருடையது? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு, அந்தக் கட்டத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

"அடடே! டிக் இருக்குதே அண்ணாச்சி!" என்பார் தம்பி.

எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. ரோபோ மறுபடி வந்து பதிய, சில நாளும் ஆகலாம். சில வாரமும் ஆகலாம்.