அட்டையோடு நின்றுவிட்ட விமர்சனம்

பழைய பிரிட்டிஷ் சிறுவர் சாகசக் காமிக்ஸ்கள் எல்லாமே ஏகாதிபத்தியப் பிரச்சாரம், சிறுவர்களைப் பட்டாளத்துக்குத் தயார்செய்தவை, இன்று அவற்றைத் தூசி தட்டிப் படிப்பது பழைய நினைப்பில் மூழ்கும் வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டுரை முழுக்க ஒரு கதையின் பெயர்கூட இல்லை. படிக்காமலே தீர்ப்பு எழுதும் இந்தத் துணிச்சல்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

1979 ஜனவரியில் 'பேட்டில்' வார இதழில் 'சார்லிஸ் வார்' தொடங்கியது. எழுதியவர் பாட் மில்ஸ், வரைந்தவர் ஜோ கஹூன். நாயகன் சார்லி போர்ன், 16 வயது ஏழைப் பையன். வயதைக் கூட்டிச் சொல்லி முதல் உலகப் போருக்குப் போகிறான். போய்ச் சேர்ந்த இடம் சோம். 1916 ஜூலை 1 அன்று மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்துவிழுந்த களம். அவனுடைய கூட்டாளி ஜிஞ்சர் குண்டு விழுந்து சிதறிப்போகிறான். மிஞ்சியதை ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுச் சுமந்து போகிறான் சார்லி. சிறுவர்கள் சில்லறை கொடுத்து வாங்கிய இதழில் அச்சான பக்கம் இது. அவன் வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் எழுத்துப் பிழைகளோடு அப்படியே வருகின்றன. வரிகளில் அசட்டு நம்பிக்கை. பக்கத்துப் படத்தில் சேறும் பிணமும். போர் விளையாட்டு என்று எந்தச் சிறுவன் இதிலிருந்து கற்றிருப்பான்?

தன் ஆட்களைக் காப்பாற்றப் பின்வாங்கிய லெப்டினன்ட் தாமஸைக் கோழை என்று சொல்லி அவருடைய ராணுவமே சுட்டுக் கொல்கிறது. சுடும் வரிசையில் நிறுத்தப்பட்ட சார்லி சுட மறுத்துத் தண்டனை வாங்கிக்கொள்கிறான். அந்தப் போரில் இப்படிச் சொந்தப் படையால் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006-ல்தான். அரசு வாய் திறக்கக் கால் நூற்றாண்டு இருக்கும்போதே அந்த அநியாயத்தைச் சிறுவர்களிடம் சொன்னது இந்தக் காமிக்ஸ். இதைப் பிரச்சாரத் தாள் என்று எழுதக் கை கூசவில்லையா?

இவை ஆளும் வர்க்கத்தின் செல்லப்பிள்ளைகள் என்றால் 'ஆக்‌ஷன்' இதழுக்கு நேர்ந்தது என்ன? 1976 பிப்ரவரியில் வந்தது. ஜெர்மன் டாங்கித் தளபதி ஒருவனைக் கதாநாயகனாக்கும் துணிச்சல் அதற்கு இருந்தது. பிரிட்டனிலேயே பத்திரிகைகள் அதற்கு எதிராகக் கூச்சல் எழுப்பின. அக்டோபரில், அச்சாகி முடிந்த இதழைக் கடைக்கு அனுப்பாமலே அழித்தார்கள். டிசம்பரில் பல் பிடுங்கப்பட்டுத்தான் திரும்பி வந்தது.

நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962-ல் 'வேலியண்ட்' இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா'தான் 1972-ல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. அதன் நாயகன் லூயி கிராண்டல் யார்? சாம்ராஜ்யத்தின் தளபதியா? விபத்தில் கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுக்க மறையும் என்று தெரிந்ததும் குற்றத்தில் இறங்கியவர். உளவாளி ஆனதெல்லாம் பிறகு.

இந்தக் காமிக்ஸ்களில் இனவெறி இருந்தது. ஜப்பானியரைக் காட்டிய விதம் பல இடங்களில் அருவருப்பானது. 'சார்லிஸ் வார்' வந்த அதே 'பேட்டில்' இதழில்தான் 'டார்க்கீஸ் மாப்' தொடரும் வந்தது. அதில் வரும் வசவுகளை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. நான் நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒரே இதழின் இரண்டு தொடர்கள் இப்படி எதிரெதிராக நிற்கும்போது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசுவது விமர்சனம் ஆகாது, சோம்பேறித்தனம். எது நஞ்சு, எது மருந்து என்று பிரிக்க வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டித்தான் ஆகவேண்டும். மறுவாசிப்பு என்பது அதுதான். அதையே வேண்டாம் என்கிறார் இவர்.

'சார்லிஸ் வார்' தொடரில் மில்ஸ் எழுதிய பகுதி 1933-ல் முடிகிறது. போரிலிருந்து திரும்பிய சார்லி வேலையற்று அரசு உதவித்தொகையில் பிழைக்கிறான். கதை முடியும் அதே நாளில் ஜெர்மனியில் ஹிட்லர் பதவி ஏற்கிறான். அத்தனை பேர் செத்து என்ன கிடைத்தது என்று ஒரு தொடர் சிறுவர்களிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறது. அதில் போரைப் புகழ்ந்த ஒரே ஒரு வாரப் பகுதியையாவது கட்டுரையாளர் எடுத்துக் காட்டட்டும்.