சென்னை – திருவண்ணாமலை: 50 ரூபாய் ரயில் ஏன் இவ்வளவு சுற்றிப் போகுது?

சென்னை பீச் ஸ்டேஷனில் மாலை 6 மணிக்குக் கிளம்பும் மெமு ரயில், நள்ளிரவு 12 மணியைத் தாண்டித் திருவண்ணாமலை போய்ச் சேரும். திரும்ப அதிகாலை 4 மணிக்குப் புறப்படும். டிக்கெட் 50 ரூபாய். 2024 மே மாதம் இந்தச் சேவை தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட நேரமும் கட்டணமும் இதுதான். விலை சரி, ஆனால் ஆறு மணி நேரமா? அதுவும் நடுராத்திரியில் கொண்டுபோய் இறக்குவானேன்?

முதலில் அந்த நடுராத்திரி விஷயம். இது புது ரயில் இல்லை. ஏற்கெனவே பீச்சிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த ரயிலைத்தான் நீட்டியிருக்கிறார்கள். ராத்திரி வேலூரில் சும்மா நின்ற பெட்டிகள், இப்போது திருவண்ணாமலை வரை போய் வருகின்றன. கூடுதலாக ஒரு பெட்டிகூடத் தேவைப்படவில்லை. இடையில் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் 14 கி.மீ கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்துவிடலாம், கால் ஒத்துழைத்தால்!

சுற்றிப் போவதற்குக் காரணம் வேறு. விழுப்புரம் – காட்பாடி பாதையின் நீளம் 161 கி.மீ. அதன் நடுவில் இருக்கிறது திருவண்ணாமலை. சென்னையிலிருந்து காட்பாடி வழியாகப் போனாலும், விழுப்புரம் வழியாகப் போனாலும் 220 கி.மீ-க்கு மேல் வரும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே சுற்றுதான். ஏனென்றால், இந்தப் பாதை சென்னையை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல. தெற்கு மாவட்டங்களைத் திருப்பதி, ராயலசீமா பக்கத்தோடு இணைத்த பாதை. மன்னார்குடி – திருப்பதி பாமணி எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரம் – திருப்பதி எக்ஸ்பிரஸ் ஆகியவை இன்றும் இதில்தான் ஓடுகின்றன.

பழைய டைம்டேபிளும் ரயில்வே மேப்பும் சேர்க்கும் ஆர்வலர்களுக்கு இந்தப் பாதை என்றாலே ஒரு டிக்கெட் நினைவுக்கு வரும். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட 16 வயது வேங்கடராமன், ஒரு பழைய அட்லஸைப் பார்க்கிறார். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அதிலிருந்து முடிவு செய்கிறார். கையில் இருந்தது மூன்று ரூபாய். திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பதை, வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். விழுப்புரத்தில் இறங்கியபோது மிச்சமிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்குத்தான் போதுமானது. அங்கிருந்து நடை. திருக்கோவிலூர் பக்கம் கீழூரில் கடுக்கனை அடகு வைத்து, மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தார். அந்தப் பாதை போடப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் பார்த்த அட்லஸுக்கு அது தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கணக்கு புவியியல்படி தப்பே இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கி.மீ-தான். ரயில்வேயும் அதையேதான் யோசித்தது. 2006-07ல் இந்தப் புதிய பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. இது வந்தால் எழும்பூரிலிருந்து தூரம் 190 கி.மீ அளவுக்குக் குறையும். அதைவிட முக்கியம், ரயிலே பார்க்காத செஞ்சிக்கு ஒரு ஸ்டேஷன் கிடைக்கும். ஆனால் 18 ஆண்டுகள் கழித்து, 2024ல் 50 ரூபாய் ரயில் விட்டபோதும் காட்பாடி சுற்றித்தான் விட முடிந்தது. 1896ல் இருந்த பாதை மேப்பில் இல்லை. இப்போது மேப்பில் இருக்கும் பாதை தரையில் இல்லை.

ஏன் நகரவில்லை? இடையில் சில பட்ஜெட்களில் இந்தப் பாதைக்குக் கிடைத்தது வெறும் 1,000 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஆயிரம்தான். "இந்தத் திட்டத்தை இன்னும் கைவிடவில்லை" என்று கணக்குப் புத்தகத்தில் காட்டுவதற்கான தொகை அது. ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாது. புதிய பாதை என்றால் முதலீட்டுக்கு வருமானம் வருமா என்று ரயில்வே பார்க்கும். கிரிவலக் கூட்டம் பௌர்ணமிக்கு வரும். மற்ற நாட்களில் யார் ஏறுவார்கள் என்ற சந்தேகம் அங்கே எழும். ஆனால் வேலைக்கும் காலேஜுக்கும் பஸ்ஸை மட்டுமே நம்பியிருக்கும் செஞ்சிக்காரர்கள் இன்று எந்த ரயில் கணக்கிலும் வரமாட்டார்கள். ஸ்டேஷனே இல்லாத ஊரில் டிக்கெட் விற்காது அல்லவா?

இருக்கும் பாதையிலாவது வேகம் கூட்டலாமே என்றால், அங்கேயும் முட்டுக்கட்டை. மீட்டர் கேஜாக இருந்ததை மூடி, 2010ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள், பிறகு மின்மயமானது. ஆனால் இன்னும் ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் கிராஸிங்குக்கு நிற்க வேண்டும். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சிறப்பு ரயில்கள் சேர்ந்தால் இந்தக் காத்திருப்பு இன்னும் கூடும். வடக்கே திருப்பதி – பாகாலா – காட்பாடி 104 கி.மீ-ஐ இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது காட்பாடியோடு முடிகிறது.

அடுத்த பட்ஜெட் வந்ததும் தெற்கு ரயில்வேயின் 'பிங்க் புக்'கில் திண்டிவனம் – திருவண்ணாமலை வரியைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு தொகை என்பதோடு, முந்தைய ஆண்டு ஒதுக்கியதில் உண்மையில் எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலம் கைக்கு வராவிட்டால், கோடிக்கணக்கில் ஒதுக்கினாலும் அந்தப் பணம் அப்படியே திரும்பிப் போய்விடும்.