வண்டியேறி வரும் வாடை

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியலுக்கு முன்பே திருப்பாவை ஒலிக்கத் தொடங்கிவிடும். தலையில் பனி விழத் தோழியின் வாசலில் காத்து நிற்கும் பெண்களைப் பாடிய ஆண்டாளின் ஊர் இது. ஆயினும், "நம்ம பக்கம் குளிர் ஏது சார்?" என்பதே இங்கு எவரைக் கேட்டாலும் கிடைக்கும் விடை. திண்ணையில் அமர்ந்திருப்பவர் சொன்னால் அதை மறுப்பதற்கில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இருசக்கர வண்டியில் செல்பவர்க்கு அது பொருந்தாது என்பதே நம் கட்சி.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாத விடியல் ஒன்றில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். உடலில் பருத்திச் சட்டை, கழுத்தில் ஒரு மப்ளர். வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை இருளாகக் கூடவே வந்தது. வன்னியம்பட்டியை நெருங்குகையில், பால் கேன்களைக் கட்டிய மொபெட் ஒன்று சாலையின் குறுக்கே ஏறியது. பிரேக்கைப் பிடி என்றது மனம், விரல்கள் கேட்கவில்லை. பின்பிரேக்கைக் காலால் மிதித்து, சாலையோர மண்ணில் இறங்கி ஒருவாறு நின்றோம். இருவருக்கும் காயமில்லை. பால்காரர் நம்மை ஏசியிருக்கலாம், ஏசவில்லை. விறைத்த கையைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் பக்கம் கையக் காட்டுங்க சார், சூடு ஏறட்டும்" என்றார்.

அப்படிக் கையை நீட்டி நின்றபோதுதான் நெடுநல்வாடையின் கோவலர் நினைவுக்கு வந்தனர். மழை ஓயாத நாளில் ஆநிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள், கொள்ளி நெருப்பில் கை காய்ந்தும் கன்னம் நடுங்க நிற்கும் காட்சி அப்பாட்டின் தொடக்கத்திலேயே வருகிறது. பிறகு நக்கீரர் நம்மை ஊருக்குள் அழைத்துச் சென்று, விசிறிகள் சிலந்திநூல் படியத் தொங்குவதையும், சாளரங்கள் அடைபட்டுக் கிடப்பதையும், தடவு எனும் கணப்புச் சட்டியில் நெருப்பு கனல்வதையும் காட்டுகிறார். 188 அடிப் பாட்டு. எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். இது அகமா புறமா என்ற வழக்குக்கு ஒதுக்கிய நேரத்தில் காற்பங்கைக்கூட அந்தக் கோவலர் கைகளுக்கு ஒதுக்கியதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோவலர்க்கு வாடை தானே வந்தது. வண்டியோட்டி தனக்கான வாடையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். காற்றின் வேகம் கூடக்கூட உடற்சூடு எவ்வளவு விரைவில் கழிகிறது என்பதை அண்டார்டிகாவில் நீர் உறையும் நேரத்தை அளந்து கணக்கிட்ட சைப்பிள், பாசெல் என்னும் இருவர் 1945இல் அதை வெளியிட்டனர். 2001இல் திருத்தப்பட்ட அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கோ பத்து டிகிரி செல்சியசுக்கு மேல் பேசுவதேயில்லை. இருபது டிகிரியை ஒட்டி நிற்கும் நம் விடியலுக்கு அங்கேயும் இடமில்லை! உடல் அந்தப் பட்டியலைப் பார்த்து நடப்பதில்லை. தோலை ஒட்டி அது சூடேற்றி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் போர்வையை எதிர்க்காற்று உரித்துக்கொண்டே போகிறது. மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதியை உடல் குறைத்துக்கொள்கிறது. முதலில் உணர்விழப்பவை விரல்கள். ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் வலக்கையில் இருக்கின்றன.

எனவே கை விறைக்கிறதென்றால் கையுறை மட்டும் போதாது, மார்பையும் மூடவேண்டும். தடித்த ஸ்வெட்டரைத் தனியே அணிந்தால் அதன் கண்ணிகளுக்குள் காற்று புகுந்துவிடும். அதன்மேல் மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் உள்ளே சூடு தங்கும். மழை இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகே சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். காற்றை உள்ளே விடுவதே பருத்தியின் பெருமை. சித்திரையில் நம்மைக் காக்கும் அதே குணம் மார்கழியில் கைவிட்டுவிடுகிறது. டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில், மலையுச்சியிலிருந்து இறங்குமுன் வீரர்கள் செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொள்வது பழைய வழக்கம்.

தலைக்கவசம் காதையும் காக்கும். அதற்குப் பதிலாக மப்ளரைச் சுற்றிக்கொள்வோர் இரு வகையில் தவறு செய்கின்றனர். காற்றில் பறக்கும் துணி நுனி எமனாகும். நடனமணி இசடோரா டங்கன் 1927இல் நீஸ் நகரில் இறந்தது, கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கித்தான்.

நம் மனத்தாங்கல் குளிரோடு அன்று. அதைப் பற்றிய கேலியோடு. ஜெர்கின் அணிந்து வருபவரைப் பார்த்து "ஊட்டிக்கா போறீங்க?" என்று கேட்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து விடியலில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளர்களும், பூக்கூடை கட்டிச் செல்வோரும் அந்தக் கேள்விக்கு அஞ்சியே வெறுஞ்சட்டையோடு போகின்றனர். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி தரும் நிறுவனங்கள், இரவுப் பணியாளர்க்குக் காற்று புகாத மேலங்கி ஒன்றையும் சேர்த்துத் தந்தால் என்ன?

சென்ற ஆண்டு நெடுநல்வாடை நடத்தியபோது கோவலர் கைகளிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டோம். டூர் டி பிரான்ஸ் கதையையும் சொன்னோம். இரவில் ஆலைவேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், கடைசி வரிசையில் எழுந்து, சட்டைக்குள்ளிருந்து மடித்த நாளிதழை உருவிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தபடியே, "ஞாயித்துக்கிழமைப் பேப்பர்தான் ஐயா நல்லது. இணைப்போட சேர்ந்து தடிமனா இருக்கும்" என்றார்.