இன்னொரு டாக்டர்

பிள்ளை உயிரியல் படித்தால் பெற்றோருக்கு ஒரே ஆசைதான்: டாக்டராக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது.

டாக்டர்களில் இன்னொரு வகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் ஒரு டாக்டர். நோய் எப்படி வருகிறது, எந்த மருந்து கேட்கும் என்று ஆராய்ந்து சொல்பவர் இன்னொரு டாக்டர். இருதயம் எப்படித் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று ஆராயும் படிப்புக்கு உடலியங்கியல் என்று பெயர். அதிலும், அதைச் சார்ந்த மருத்துவ ஆராய்ச்சியிலும் பி.எச்டி. என்னும் டாக்டர் பட்டம் பெறலாம்.

இதனால் ஏழைக்கு என்ன லாபம்?

முன்பெல்லாம் காசநோய் வந்தால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பம் பட்டினி. 1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள்! கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அதன் பிறகு உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. அந்த நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். செலவுக்குப் பணம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் இரவுநேரச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். 1930-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. பட்டம் பெற்றார். யானைக்கால் நோயைத் தடுக்க இன்றும் ஊர் ஊராகக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரை, அவர் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான மருந்துதான்.

இன்றைய மாணவர் அவரைப்போல் கஷ்டப்படத் தேவையில்லை. விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் எம்.எஸ்சி. படித்தவர்கள் "நெட்" தேர்வு எழுதலாம். எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கும் வழி உண்டு. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37 ஆயிரம் கிடைக்கும். பிறகு ரூ.42 ஆயிரம். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறது. விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிமான்ஸ் போன்ற இடங்களில் ஆராய்ச்சி செய்யலாம்.

கஷ்டமும் உண்டு. தேர்வு கடினமானது. பட்டம் பெறக் குறைந்தது 3 ஆண்டு ஆகும். பலருக்கு 5 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பட்டம் பெற்றவுடன் வேலை கதவைத் தட்டாது. நல்ல வழிகாட்டிப் பேராசிரியர் அமைவது மிக முக்கியம். சேருவதற்கு முன் அவரிடம் படித்த பழைய மாணவர்களை விசாரிப்பது நல்லது.

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதாக ஆராய்ச்சி மாணவர்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை பொறுத்துக்கொள்வான். ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பையே விட்டுவிடுவான். அரசு ஊழியருக்குச் சம்பளம் வருவதுபோல, உதவித்தொகையும் மாதம் தவறாமல் வரவேண்டும். அரசு இதை உடனே கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்?" என்று மகனைக் கேட்கிறார்கள். மகளிடமோ, "படித்தது போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்" என்கிறார்கள். தேர்வில் வென்று, உதவித்தொகையும் பெற்று நிற்கும் பெண்ணைப் பாதியில் நிறுத்துவது அநியாயம்.

ஆஸ்பத்திரி டாக்டர் தம்மிடம் வருகிறவரைக் காப்பாற்றுகிறார். ஆராய்ச்சி டாக்டர், தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆயிரம் பேரைக் காப்பாற்றுகிறார். அந்த டாக்டர் எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வீட்டார் கொடுக்க வேண்டியது இன்னும் சில ஆண்டு அவகாசம்தான்.