கேப்டனை விடுங்க... ஸ்பேனர் யார் கையில்?



காலை நேரத்து பட்டாபிராம் சைடிங் வண்டி. அம்பத்தூரில் ஆரம்பிக்கிறது சண்டை.

"எண்டர்பிரைஸ் ஒரே ஒரு டார்பிடோ விட்டா உன் கலாக்டிகா காலி மச்சி!"

"போடா! கலாக்டிகா மேல அணுகுண்டே விழுந்துச்சு. தாங்குச்சா இல்லையா?"

ஆவடி தாண்டி, இந்து காலேஜ் தாண்டியும் ஓயவில்லை. எதிர் சீட்டுப் பெரியவர், "நீங்கள்லாம் எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டே விட்டார்!

விண்வெளிக் கப்பல் பைத்தியம் நம்மோடு பிறந்தது அல்ல. 1963-லேயே 'கலை அரசி' படத்தில் எம்.ஜி.ஆர். பறக்கும் தட்டு விவகாரத்தில் மாட்டிக்கொண்டார். 80-களில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை 'ஸ்டார் ட்ரெக்' பார்த்தவர்கள் நம் அப்பா, சித்தப்பாக்கள். 1998-ல் 'கேப்டன் வியோம்' வந்தது. இன்று நாம் செல்போனில் பார்க்கிறோம். பார்ப்பதில் தப்பில்லை. வாதாடுவதிலும் தப்பில்லை. ஆனால் வாதாடுகிற விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சண்டை. ரஜினி, கமல் கட்சி மாதிரி கேப்டன் பெயரைச் சொல்லிக் கத்துகிறோம். மூன்று வருஷம் மெஷின் படிக்கிற நாம், கப்பலை ஒரு மெஷினாகப் பார்ப்பதே இல்லை!

நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருஷம் வெளியே ஒரு கல்லூரி சிம்போசியத்தில் மாடல் போட்டி. நாங்கள் மூன்று பேர், இரண்டு மாத உழைப்பு. பி.வி.சி. பைப், தெர்மாகோல், சில்வர் பெயிண்ட். நாலு அடி நீளத்துக்குப் போர்க்கப்பல், அதில் 32 பீரங்கி! நடுவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்ஜின்ல ஒரு பம்ப் போயிடுச்சு. எப்படிப்பா கழட்டுவே?" மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பம்ப் எங்கே இருக்கிறது என்றே நாங்கள் யோசித்திருக்கவில்லை.

பரிசு போனது பெரிதில்லை. பின்னால் நின்ற யாரோ, "டிப்ளமோதானே, விடு" என்றது காதில் விழுந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

என் அப்பா ஆவடி டாங்க் பேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். மாடலை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "எல்லாம் ஜோராத்தான் இருக்கு. கை விட எடம் எங்கடா?" என்றார். அப்புறம் விளக்கினார். ஜெர்மனியின் லெப்பர்ட்-2 டாங்கில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகக் கழன்று வரும். ஒரு மணி நேரத்துக்குள் மாற்றி விடலாம். டி-72-ல் அதே வேலைக்குப் பல மணி நேரம் ஆகும். "அடிபட்டு நிக்கிற டாங்கை விட ரிப்பேராகி நிக்கிறதுதான்டா ஜாஸ்தி. திரும்ப ஓட வைக்கிறவன்தான் ஜெயிப்பான்."

அன்று இரவு எண்டர்பிரைஸை மறுபடி பார்த்தேன். 1966-ல் திரைக்கு வந்த அந்தக் கப்பலை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த மனிதர். கப்பலின் வெளிப்பக்கம் ஏன் வழுவழு என்று இருக்கிறது தெரியுமா? வெற்றிடத்தில் ஆளை வெளியே அனுப்பி ரிப்பேர் பார்ப்பது ஆபத்து, அதனால் எல்லாவற்றையும் உள்ளிருந்தே எட்ட வேண்டும் என்று நினைத்தார். என்ஜின்கள் ஏன் தள்ளி நீட்டிக்கொண்டு நிற்கின்றன? அவ்வளவு சக்தி உள்ள சாமான் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக. ரிப்பேர்க்காரர் தவழ்ந்து போகிற சுரங்கத்துக்கு 'ஜெஃப்ரீஸ் ட்யூப்' என்று அவர் பெயரையே வைத்து விட்டார்கள். அப்பா கேட்ட 'கை விட எடம்' அதுதான்!

அடுத்து சூடு. அர்ஜுன் டாங்கின் என்ஜின் 1,400 குதிரைத் திறன், ஏறக்குறைய ஒரு மெகாவாட். அது வெளியே தள்ளுகிற சூடும் அதற்குக் குறையாது. தரையில் ஃபேன் வைத்துக் காற்றால் ஆற்றி விடலாம். வெற்றிடத்தில் காற்று ஏது? சூடு கதிர்வீச்சாக மட்டும்தான் வெளியேறும். ஸ்டீபன்-போல்ட்ஸ்மான் விதியைப் போட்டுப் பாருங்கள். 27 டிகிரி செல்சியஸில் ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகடு வெளியே விடுவது சுமார் 459 வாட். ஒரு மெகாவாட்டுக்கு சுமார் 2,180 சதுர மீட்டர் வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் 54 சென்ட் நிலம்! தகட்டின் இரண்டு பக்கமும் வேலை செய்தால் 27 சென்ட். ஒரே ஒரு டாங்க் என்ஜினுக்கே இவ்வளவு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியா ஓடும் பெரிய ரேடியேட்டர் தகடுகள் விரிந்து நிற்பது சும்மா இல்லை. நம் டி.வி. போர்க்கப்பல்களில் அந்தத் தகடு எங்கே? இதை யாராவது வண்டியில் கேட்டிருக்கிறோமா?

அப்புறம் எண்ணிக்கை. 1997-ல் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' போர்க் காட்சியில் எதிரிக்கு 1,254 கப்பல். நம்மவர்களைப் போல் இரண்டு மடங்கு. லான்செஸ்டர் என்ற இங்கிலாந்து மோட்டார் கார் இன்ஜினியர் 1916-ல் வந்த புத்தகத்தில் இதற்கு ஒரு விதி சொன்னார். எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற சண்டையில் எண்ணிக்கையின் வர்க்கம்தான் பலம். இரண்டு மடங்கு ஆள் என்றால் நாலு மடங்கு பலம்!

அப்படியானால் 1990-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' கதையில் ஒற்றைப் போர்க் கனசதுரம், எதிர்த்து வந்த 40 கப்பலில் 39-ஐ எப்படி அழித்தது? தாக்குதல் பலம் ஒரு காரணம். இன்னொரு காரணம் டிசைன். அதில் தனியாக என்ஜின் ரூம் கிடையாது, கேப்டன் நாற்காலி கிடையாது. ஒரு மூலை போனால் இன்னொரு மூலை வேலையை எடுத்துக்கொள்ளும், அடிபட்ட இடம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி ரிப்பேருக்கே வந்து விட்டோம்!

"கதைதானேப்பா, கணக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு வந்ததால் கதை கெட்டதா? 'பாபிலோன் 5' தொடரின் ஸ்டார்ஃப்யூரியைப் பாருங்கள். நான்கு கைகளின் நுனியில் என்ஜின். மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் திருப்புதிறன் அதிகம். முன்னால் போய்க்கொண்டே திரும்பிப் பின்னால் சுடும். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் கப்பல் எப்படி என்று தெரியவேண்டுமா? 2024-ல் திறந்த நம்ம பட்டாபிராம் டைடல் பார்க் 21 மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ராக்கெட் என்ஜினை வையுங்கள். மாடிக்கு மேல் மாடி, உந்துவிசையே புவியீர்ப்பு மாதிரி காலைத் தரையில் அழுத்தும். வேகம் குறைக்க வேண்டுமா? கப்பலையே தலைகீழாகத் திருப்பி என்ஜினை எரிக்க வேண்டும். சண்டைக்கு முன் எல்லாரும் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு கப்பல் காற்றை வெளியேற்றுவார்கள். அந்தக் காட்சியில் எனக்கு மூச்சே நின்றது. கணக்குதான் அந்த பயத்தைக் கொடுத்தது.

நண்பர்களே, 'ஸ்டார் ட்ரெக்'கில் எண்டர்பிரைஸின் என்ஜின் ரூமைக் காத்தவர் ஸ்காட்டி. அவராக நடித்த ஜேம்ஸ் டூஹனுக்கு அமெரிக்காவின் மில்வாக்கி பொறியியல் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவரைப் பார்த்து இன்ஜினியரிங் படிக்க வந்தவர்கள் அத்தனை பேர்! கேப்டன் நாற்காலி நமக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த ட்யூபுக்குள் தவழ்ந்து போகப் போகிறவர்கள் நாம்தான். அதனால் ஒரு டிசைன் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முதல் உரிமையும் நமக்குத்தான். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லக் கணக்குத் தெரிய வேண்டும், ஷாப்பில் கையில் கிரீஸ் பட வேண்டும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சிம்போசியத்தில் ஒரு கப்பல் வாதப் போட்டி வையுங்கள். மூன்றே கேள்வி: சூடு எங்கே போகும்? எத்தனை கப்பல் கட்ட முடியும்? பம்ப் போனால் எந்த வழியாகக் கை விடுவே? பதில் இல்லாத கப்பல் எவ்வளவு பெரிய கேப்டனுடையதாக இருந்தாலும் அவுட்!

நாங்கள் மூன்று பேரும் பழைய மாடலைப் பிரித்து விட்டோம். இந்த முறை பீரங்கி நாலுதான். பம்ப் எங்கே என்று மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஸ்பேனர் முழுசாகத் திரும்ப இடம் விட்டிருக்கிறதா என்று அப்பா நேற்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ம்... பரவால்ல" என்றார்.

எனக்கு அதுவே முதல் பரிசு!

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை