இறக்கை செலவைக் குறைத்து முட்டையில் சேமிக்கும் பூச்சி!

மழைக்காலத்தில் விளக்கைப் போட்டதும் பெரிய கொசு போல ஒரு பூச்சி நீண்ட கால்களோடு சுவரில் வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அடிக்கக் கை ஓங்க வேண்டாம். அது கொசு அல்ல, கடிக்காது. கொக்கு போல நெட்டைக் கால்கள் இருப்பதால் ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கிரேன் ஃப்ளை’. உலகம் முழுக்க 15,000 வகைகளுக்கும் மேல் உண்டு.

இந்தக் குடும்பத்தில் சில பெண் பூச்சிகளால் பறக்கவே முடியாது!

இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் தலைகாட்டும் ‘டிப்யூலா பகானா’ அப்படி ஒரு வகை. ஆணுக்கு முழு நீள இறக்கைகள். பெண்ணுக்கோ குட்டையான இறக்கைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு மேலே எழும்ப முடியாது. புல்லுக்குள் நடந்தே திரிகிறது பெண்.

ஏன் இப்படி? நம் வீட்டு மாத பட்ஜெட் கணக்குதான். பறப்பதற்கு மார்பில் பெரிய தசைகள் வேண்டும். அவற்றை வளர்க்கவும் இயக்கவும் நிறைய சத்து செலவாகும். பூச்சியின் உடம்பு காற்றோடு சேர்ந்து குளிர்ந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் அந்தத் தசைகள் சரியாக வேலையும் செய்யாது. பயன்படாத பொருளுக்கு ஏன் தவணை கட்ட வேண்டும்? மிச்சமாகும் சத்தும் இடமும் முட்டைகளுக்குப் போகின்றன.

இந்தக் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்த்தது ‘சியோனியா’ என்ற பனி ஈ. இதில் ஆண், பெண் இரண்டுக்குமே பறக்கும் இறக்கை இல்லை. பறக்கும்போது சமநிலை தரும் குமிழ் போன்ற சின்ன உறுப்புகள் மட்டும் பழைய வீட்டுச் சாவி மாதிரி இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூஜ்ஜியத்துக்குக் கீழே வெப்பநிலை போனாலும் பனிமேல் நடக்கும். கால் உறையத் தொடங்கினால், உறைபனி உடம்புக்குள் ஏறும் முன் அந்தக் காலையே கழற்றிவிடும்! வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இதை வெளியிட்டார்கள்.

சேமிப்புக்கு ஒரு விலையும் உண்டு. கிரேன் ஃப்ளை முட்டைகளும் இளம் புழுக்களும் மண் காய்ந்தால் பிழைப்பது கடினம். பறக்கும் தாய் வேறு ஈர நிலம் தேடிப் போகலாம். பறக்க முடியாதவளுக்குப் பிறந்த புல்வெளிதான் உலகம். அது காய்ந்தாலோ, அதன்மேல் கான்கிரீட் போட்டாலோ அவளால் கிளம்ப முடியாது. முட்டைகளும் அவளோடு சிக்கிக்கொள்ளும்.

நம் வீட்டுச் சுவருக்கு வருபவை பறக்கத் தெரிந்தவை. வளர்ந்த பிறகு சில நாள்களே வாழும். விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், போய்விடும்.